உருளை அச்சு (ஒற்றைச் செயல் சுழல் கைத்துப்பாக்கி)

உருளை அச்சு என்பது ஒற்றைச் செயல் சுழல் கைத்துப்பாக்கியில், தோட்டாக்கள் இடப்படும் உருளையைச் சட்டகத்தினுள் தாங்கி அது சுழல இடமளிக்கும் உருக்குத் தண்டு ஆகும். ஆங்கில வழக்கில் இது பேஸ் பின் என அழைக்கப்படுகின்றது. துப்பாக்கியைத் துப்புரவு செய்யவும், உருளையை மாற்றவும் இவ்வச்சை முன்புறமாக இழுத்துக் கழற்றவேண்டும். புதிதாக வாங்கப்பட்ட துப்பாக்கிகளில் இது இறுகிப்போய்க் கையால் இழுக்க வராமல் இருப்பது பரவலாகக் காணப்படும் ஒன்றாகும். பெரும்பாலான நேரங்களில் இது பழுதன்று. ஆயினும் தவறான முறையில் வலிந்து கழற்ற முயல்வதனால் துப்பாக்கி கெடுவதுண்டு. தோட்டா உள்ளே இருப்பதை அறியாது முயன்றால் உயிராபத்தும் நேரலாம்.

ஒற்றைச் செயல் என்பதன் பொருள்

சுழல் கைத்துப்பாக்கிகள் விசை இயங்கும் முறையைக்கொண்டு இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. ஒற்றைச் செயல் வகையில் சுத்தியலை ஒவ்வொரு முறையும் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தவேண்டும். அவ்வாறு இழுக்கும்போது உருளையும் ஓர் அறை அளவு சுழல்கின்றது. விசையை அழுத்துவதால் சுத்தியல் விடுபடுதல் என்னும் ஒரு செயல் மட்டுமே நிகழும். இரட்டைச் செயல் வகையில் விசையை அழுத்துவதே சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து விடுவிக்கவும் செய்யும்.

இன்றைய இரட்டைச் செயல் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் உருளை பக்கவாட்டில் வெளியே சாயும். ஒற்றைச் செயல் துப்பாக்கிகளில் பொதுவாக அவ்வாறில்லை. தோட்டாக்கள் வலப்புறத்தில் உள்ள சிறிய ஏற்றுக் கதவின் வழியே ஒவ்வொன்றாக இடப்பட்டு, வெளியேற்றுத் தண்டினால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளப்படுகின்றன. உருளை முழுவதையும் வெளியே எடுக்கவேண்டுமாயின் அச்சைக் கழற்றுவதே வழியாகும்.

அமைப்பு

உருளை அச்சு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான தண்டு ஆகும். இது சட்டகத்தின் முன்பகுதியில் உள்ள துளை வழியாக நுழைந்து, உருளையின் நடுத்துளையைக் கடந்து, சட்டகத்தின் பின்சுவரில் உள்ள துளையில் சென்று பொருந்துகின்றது. முன்முனையில் விரலால் பிடிப்பதற்கு ஏற்றவாறு தடித்த தலை உண்டு. தலைக்குச் சற்றுப் பின்னே அச்சின் உடலில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும்.

சட்டகத்தின் குறுக்கே, இடமிருந்து வலமாக, சுருள்வில்லுடன் கூடிய ஒரு தாழ் அமைந்துள்ளது. இத்தாழ் மேற்கூறிய பள்ளத்தில் அமர்ந்து அச்சு முன்னே நகராதவாறு தடுக்கின்றது. தாழை ஒரு பக்கத்திலிருந்து அழுத்தும்போது அதன் வெட்டுப்பகுதி அச்சுக்கு நேராக வந்து வழிவிடும். தாழ் பொதுவாக ஒன்றோடொன்று திருகப்பட்ட இரு பாகங்களைக் கொண்டது.

அச்சுக்கும் அது பொருந்தும் துளைகளுக்கும் இடையேயான இடைவெளி மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் சில பங்குகளே இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. சுடும் கணத்தில் உருளையின் அறையும் குழலின் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். அச்சு தளர்வாக இருந்தால் உருளை ஆடும். குண்டு குழலின் விளிம்பில் உரசி ஈயத் துகள்கள் பக்கவாட்டில் தெறிக்கும். எனவே ஓரளவு இறுக்கம் நல்ல தயாரிப்பின் அடையாளமாகவும் கொள்ளப்படுகின்றது.

வரலாறு

சாமுவேல் கோல்ட் 1836 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சுழல் கைத்துப்பாக்கியிலும், அவரது நிறுவனம் பின்னர் வெளியிட்ட 1851 ஆம் ஆண்டு நேவி, 1860 ஆம் ஆண்டு ஆர்மி ஆகிய மாதிரிகளிலும் கழற்றக்கூடிய அச்சு இருக்கவில்லை. அச்சு சட்டகத்துடன் நிலையாக இணைக்கப்பட்டிருந்தது. குழல் ஓர் ஆப்பினால் அச்சின் மீது பூட்டப்பட்டது. உருளையை எடுக்க ஆப்பைத் தட்டி வெளியேற்றிக் குழலையே கழற்றவேண்டியிருந்தது. இவற்றின் இன்றைய படியுருவாக்கங்களில் அந்த ஆப்பு புதிதில் இறுகியிருப்பதும் வழக்கமே.

1860களில் பரவலாக வழங்கிய ரெமிங்டன் துப்பாக்கிகள் உருளையின் மேலேயும் உருக்குப் பட்டை கொண்ட மூடிய சட்டகம் உடையவை. இவற்றில் அச்சை முன்புறமாக இழுத்து உருளையை வெளியே எடுக்க இயலும். ஆனால் அக்காலத்துக் கரும்வெடிமருந்தின் கரி, உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடுக்கு வழியாக அச்சின் மீது படிந்து, சில சுடுதல்களுக்குப் பின்னர் உருளையை இறுகச் செய்தது.

1873 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் படையினர் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மி, இன்று ஒற்றைச் செயல் வகையின் முன்மாதிரியாகக் கருதப்படுகின்றது. பீசுமேக்கர் என்னும் பெயராலும் இது அறியப்படும். மூடிய சட்டகமும் கழற்றக்கூடிய அச்சும் இதில் அமைந்தன. தொடக்கத்தில் அச்சைப் பிடிக்கச் சட்டகத்தின் முன்பக்கத்திலிருந்து செலுத்தப்பட்ட ஒரு திருகாணி பயன்பட்டது. அதைத் தளர்த்தத் திருப்புளி தேவைப்பட்டது. 1890களில் இதற்குப் பதிலாக விரலால் அழுத்தக்கூடிய குறுக்குத் தாழ் புகுத்தப்பட்டது. இன்றும் தயாரிக்கப்படும் பெரும்பாலான ஒற்றைச் செயல் துப்பாக்கிகளில் உள்ளது இத்தகைய தாழே ஆகும். 1940 வரையிலான முதல் தலைமுறையில் 3,57,000க்கும் அதிகமான கோல்ட் துப்பாக்கிகள் தயாரிக்கப்பட்டன. 1956 ஆம் ஆண்டில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

1949 ஆம் ஆண்டில் வில்லியம் ரூகர், அலெக்சாண்டர் இசுட்டேர்ம் ஆகியோர் நிறுவிய நிறுவனம் 1953 ஆம் ஆண்டில் சிங்கிள் சிக்சு மாதிரியையும், 1955 ஆம் ஆண்டில் பிளாக்காக் மாதிரியையும் வெளியிட்டது. இவற்றில் உட்புறத் தட்டைவிற்களுக்குப் பதிலாகச் சுருள்விற்கள் பயன்பட்டன. 1973 ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய மாதிரி வரிசையில் இடைமாற்றுப் பட்டை என்னும் பாதுகாப்பு உறுப்பு சேர்க்கப்பட்டது. விசை முழுமையாக அழுத்தப்பட்டிருக்கும்போது மட்டுமே இப்பட்டை மேலெழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். இதனால் துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டாலும் சுடாது. பழைய வடிவமைப்பில் இவ்வசதி இல்லாமையால், சுத்தியலுக்கு நேரான அறையை வெறுமையாக விட்டு ஐந்து தோட்டாக்களை மட்டும் இடுவது வழக்கமாயிற்று. 1982 ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் தனது பழைய துப்பாக்கிகளுக்கும் இத்தகைய பாதுகாப்பைக் கட்டணமின்றிப் பொருத்தித்தர முன்வந்தது.

சிங்கிள் சிக்சு துப்பாக்கியின் ஒரு வகை இரண்டு உருளைகளுடன் விற்கப்படுகின்றது. ஒன்று .22 லாங் ரைபிள் தோட்டாவுக்கும், மற்றையது .22 மேக்னம் தோட்டாவுக்கும் உரியது. உருளையை மாற்றுந்தோறும் அச்சைக் கழற்றவேண்டியிருப்பதால், அச்சு இறுகியிருப்பது இவ்வகையில் உடனே கவனத்துக்கு வரும்.

புதிய துப்பாக்கியில் இறுகுவதற்கான காரணங்கள்

காப்பெண்ணெய்: துருப்பிடிக்காதவாறு தொழிற்சாலையில் பூசப்படும் எண்ணெய், துப்பாக்கி நெடுநாள் பெட்டியில் கிடக்கும்போது கெட்டியாகிப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும்.

நெருக்கமான பொருத்தம்: அச்சும் துளையும் அனுமதிக்கப்பட்ட அளவு எல்லையின் இரு முனைகளில் அமையும்போது, அதாவது அச்சு சற்றே பெரிதாகவும் துளை சற்றே சிறிதாகவும் இருக்கும்போது, பொருத்தம் மிக நெருக்கமாகின்றது. சில முறை கழற்றி மாட்டிய பின்னர் இது தானே இலகுவாகும்.

பிசிறு: துளையிடும்போதோ பள்ளம் வெட்டும்போதோ விளிம்பில் நிற்கும் மெல்லிய உலோகப் பிசிறு அச்சைக் கவ்விப் பிடிக்கலாம்.

தாழ் முழுமையாக அழுந்தாமை: தாழின் பாகங்கள் சரியான அளவில் திருகப்படாவிட்டால், அதை இறுதிவரை அழுத்தினாலும் பள்ளத்திலிருந்து முழுமையாக விலகாது. இந்நிலையில் எவ்வளவு வலிமையுடன் இழுத்தாலும் அச்சு வராது. தாழின் விளிம்புதான் சிதையும்.

பக்கச்சுமை: உருளையைச் சுழற்றும் கொக்கி, வில்லின் விசையால் உருளையின் பின்புறப் பற்களை எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கின்றது. இதனால் உருளை அச்சின் ஒரு பக்கத்தை அழுத்தும். பொருத்தம் நெருக்கமாக உள்ளபோது இச்சிறு சுமையும் இழுப்பதற்குத் தடையாகின்றது.

தொடங்குமுன் செய்யவேண்டியவை

அச்சு இறுகியிருக்கும் நிலையில் உருளை சட்டகத்திலேயே இருக்கும். அதனுள் தோட்டா இருந்தால் துப்பாக்கி எந்நேரமும் சுடத்தக்கதாகவே உள்ளது. எனவே பின்வருவன முதலில் செய்யப்படவேண்டும்.

1. குழல்முனை பாதுகாப்பான திசையை நோக்கி இருக்கவேண்டும். விரல் விசையின் மீது இருத்தல் ஆகாது.
2. கோல்ட் வகையில் சுத்தியலை அரைநிலைக்கு இழுத்து, ஏற்றுக் கதவைத் திறக்கவேண்டும். ரூகர் புதிய மாதிரி வகையில் சுத்தியல் இறங்கிய நிலையிலேயே கதவைத் திறந்தால் போதும். உருளை தடையின்றிச் சுழலும், கதவு திறந்திருக்கும்வரை சுத்தியலையும் இழுக்க இயலாது.
3. உருளையை முழுச்சுற்றாகச் சுழற்றி ஒவ்வோர் அறையையும் கண்ணால் பார்க்கவேண்டும். தோட்டா இருப்பின் வெளியேற்றவேண்டும். வெளிச்சம் குறைவாயின் விரலாலோ மென்மையான குச்சியாலோ தொட்டும் அறியலாம்.
4. தோட்டாக்களை வேறோர் அறைக்கு அகற்றிவிடுதல் நன்று. ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் எரியூட்டியில் புகுந்தால் அதனைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதும் இதற்கு ஒரு காரணமாகும்.

விடுவிக்கும் முறை

மென்மையான வழியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் செல்வதே முறையாகும். ஒரு படியில் அச்சு வந்துவிட்டால் அடுத்த படி தேவையில்லை.

முதற் படி: தாழை ஒரு பெருவிரலால் இறுதிவரை அழுத்திப் பிடிக்கவேண்டும். தாழின் மறுமுனை சட்டகத்துக்கு வெளியே போதிய அளவு நீட்டிக்கொண்டு வருகின்றதா என்று பார்க்கவேண்டும். வராவிடின் சிக்கல் தாழில் உள்ளது; அச்சில் அன்று.

இரண்டாம் படி: தாழை அழுத்தியவாறே, அச்சின் தலையைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே முன்னே இழுக்கவேண்டும். மற்றொருவர் உருளையை மெல்ல ஆட்டிக்கொடுத்தால் பக்கச்சுமை விலகும். எண்ணெய்ப் பசையினால் விரல் வழுக்குமாயின் மெல்லிய இரப்பர்த் துண்டு அல்லது துணி பிடிப்பைக் கூட்டும்.

மூன்றாம் படி: அச்சு சட்டகத்தில் நுழையும் இடத்திலும், உருளையின் முன்னும் பின்னும், தாழின் இருபக்கத்திலும் ஊடுருவும் எண்ணெய் சில துளிகள் இட்டுச் சில மணி நேரம், தேவையாயின் ஓரிரவு, வைத்திருக்கவேண்டும். குழல்முனையை மேல்நோக்கி நிறுத்தினால் அச்சின் தலைப்பக்கத்தில் இட்ட எண்ணெய் துளைக்குள் இறங்கும். காப்பெண்ணெய் கெட்டியானதே காரணமெனில் பெரும்பாலும் இப்படியிலேயே தீர்வு கிட்டும். பசையைக் கரைக்க நேரந்தான் தேவை, வலிமை அன்று.

நான்காம் படி: துப்பாக்கியை மடித்த தடித்த துணியின் மீது வைத்து, அச்சின் தலைக்குப் பின்னுள்ள விளிம்பில் மரம், நைலான் அல்லது பித்தளையாலான குச்சியை ஊன்றி, சிறு கொட்டாப்புளியால் முன்னோக்கி இலேசாகத் தட்டவேண்டும். தாழ் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருத்தல் கட்டாயம். தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டினால் அச்சு சாய்ந்து மேலும் இறுகும். ஆகையால் இரு பக்கமும் மாறிமாறித் தட்டவேண்டும். பலமான ஓர் அடியைவிட இலேசான பல தட்டுகளே பயன்தரும். அச்சு ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தவுடன் கையால் திருப்பி இழுக்கலாம்.

அச்சு வெளிவந்ததும் உருளையை வலப்புறமாக, ஏற்றுக் கதவு உள்ள பக்கத்தில், உருட்டி எடுக்கவேண்டும்.

தவிர்க்கவேண்டியவை

- பற்களுள்ள இடுக்கியால் தலையை நேரடியாகக் கவ்வுதல். மெருகூட்டப்பட்ட பரப்பில் விழும் வடு பின்னர் நீங்காது. வேறு வழியில்லையெனில் இடையே தடித்த தோல் வைக்கப்படவேண்டும்.
- திருப்புளியைத் தலைக்கும் வெளியேற்றுத் தண்டின் உறைக்கும் இடையே செருகி நெம்புதல். சில மாதிரிகளில் இவ்வுறை அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது, எளிதில் நசுங்கிவிடும்.
- அச்சின் பின்முனையில் உருக்குக் கருவியால் அடித்தல். ரூகர் புதிய மாதிரி அச்சின் பின்முனையில் வில்லால் இயங்கும் சிறு முளை உள்ளது. அது அடிபட்டுச் சிக்கிக்கொண்டால் இடைமாற்றுப் பட்டையின் இயக்கம் கெடக்கூடும்.
- தீயால் சூடாக்குதல். சட்டகமும் உருளையும் வெப்பப் பதனிடப்பட்ட உருக்கினால் ஆனவை. சூடு மேற்பூச்சைக் கெடுப்பதோடு, சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்கும் வலிமையையும் குறைக்கும்.
- அச்சு இறுக்கமாக உள்ளதென்று அதனை உப்புத்தாளால் தேய்த்து மெலியச் செய்தல், அல்லது துளையை அரத்தால் அகட்டுதல். நீக்கிய உலோகத்தை மீண்டும் வைக்க இயலாது. இன்று அச்சு எளிதாக வரும். ஆனால் உருளையின் அறைகள் குழலுக்கு நேராக நில்லா.

கழற்றிய பின்னர்

அச்சையும் துளைகளையும் துடைத்துப் பழைய எண்ணெயை முற்றாக நீக்கவேண்டும். பின்னர் அச்சின் உடலை வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தால், உரசிய இடம் பளபளப்பான கோடாகத் தெரியும். கோடு சுற்றிலும் சீராக இருந்தால் அது நெருக்கமான பொருத்தம் மட்டுமே. ஓரிடத்தில் மட்டும் ஆழமான கீறல் இருந்தால் அதற்கு நேரான துளை விளிம்பிலோ தாழின் விளிம்பிலோ பிசிறு உள்ளது எனக் கொள்ளலாம்.

மெல்லிய எண்ணெய் அல்லது கொழுப்பைச் சிறிதளவு பூசி, உருளையின்றி அச்சை மட்டும் செருகிப் பார்க்கவேண்டும். உருளையின்றி எளிதாகச் சென்று, உருளையுடன் இறுகினால் தடை உருளையின் துளையில் உள்ளது. உருளையின்றியும் இறுகினால் தடை சட்டகத்திலோ தாழிலோ உள்ளது. இவ்வெளிய சோதனை, பழுதுநீக்குநரிடம் காரணத்தைத் தெளிவாகக் கூற உதவும்.

மீண்டும் மாட்டும்போது தாழ் பள்ளத்தில் முழுமையாக அமர்ந்து, மறுமுனை தன் பழைய நிலைக்குத் திரும்பியுள்ளதா என உறுதிசெய்யவேண்டும். தாழின் வில் தளர்ந்திருந்தால் .44 மேக்னம் போன்ற வலிய தோட்டாக்களின் பின்னுதைப்பில் அச்சு தானே முன்னே நழுவும். வெறும் துப்பாக்கியில் சுத்தியலை இழுத்து, ஆறு அறைகளிலும் உருளை சரியாகப் பூட்டுகின்றதா என்பதையும் பார்க்கவேண்டும்.

இரு பள்ளமுள்ள அச்சு

இத்தாலியில் தயாரிக்கப்படும் கோல்ட் படியுருவாக்கங்கள் சிலவற்றில் அச்சு வழக்கத்தைவிட நீளமாகவும், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பள்ளங்களுடனும் அமைந்துள்ளது. அச்சை இரண்டாம் பள்ளம்வரை உள்ளே தள்ளினால் அதன் பின்முனை சட்டகத்தின் பின்சுவரைக் கடந்து நீண்டு, சுத்தியல் முழுமையாக இறங்காதவாறு தடுக்கும். இது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு ஆகும். இதனை அறியாத புதிய உரிமையாளர் சுத்தியல் சிக்கிக்கொண்டதாக எண்ணுவதுண்டு. தாழை அழுத்தி அச்சை ஒரு பள்ளம் அளவு முன்னே இழுத்தால் துப்பாக்கி வழமைபோல் இயங்கும்.

தோட்டாவுடன் உருளை சிக்கிக்கொள்ளுதல்

அச்சு இறுகுவதும், தோட்டாக்கள் உள்ளபோது உருளை சுழலாமல் நிற்பதும் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தாலும் வேறுபட்டவை. பின்னது மிக ஆபத்தானது. இதற்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை. பின்னுதைப்பினால் ஒரு தோட்டாவின் குண்டு தன் உறையிலிருந்து முன்னே நகர்ந்து உருளையின் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருத்தல் ஒன்று. எரியூட்டி சரியாகப் பதியாமல் பின்னே துருத்தி, சட்டகத்தின் பின்சுவரில் உரசுதல் மற்றொன்று. வெடிமருந்து போதாமையால் குண்டு குழலுக்கும் உருளைக்கும் இடையில் பாதியில் நின்றுவிடுதல் மூன்றாவது.

மூன்றாவது நிலையில் சுடும் ஒலி வழக்கத்தைவிடத் தாழ்ந்து கேட்கும். அடைபட்ட குழலில் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். எனவே உருளையை வலிந்து திருப்பவோ, சுத்தியலை வலிந்து இழுக்கவோ கூடாது. விசையை அழுத்தியும் சுடாத தோட்டா சற்றுத் தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால், குழல்முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக் குறைந்தது அரை நிமிடம் பொறுத்திருக்கவேண்டும். பின்னர் இயலுமாயின் கதவு வழியே தோட்டாக்களை வெளியேற்றலாம். உருளை சிறிதும் அசையாவிடின், தோட்டா உள்ளே இருக்கும் நிலையில் அச்சைத் தட்டிக் கழற்ற முயலாது, தகுதிபெற்ற பழுதுநீக்குநரை அவ்விடத்துக்கே அழைப்பதுதான் முறை.

தயாரிப்பாளரிடம் திருப்புதல்

ஓரிரவு எண்ணெயில் ஊறியும், இலேசாகத் தட்டியும் அச்சு நகராத புதிய துப்பாக்கியை மேலும் வலிந்து கழற்றுவதில் பயனில்லை. துளைகள் நேராக அமையாமை, தாழ் தவறாகப் பொருத்தப்பட்டமை போன்றவை தயாரிப்புக் குறைகளாகும். இவற்றைச் சரிசெய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. உரிமையாளரின் கருவி வடுக்கள் துப்பாக்கியில் காணப்பட்டால், குறை தொழிற்சாலையில் நேர்ந்ததா பின்னர் நேர்ந்ததா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். ஆகவே நான்காம் படிக்குப் பின்னர் நிறுத்திக்கொள்வது துப்பாக்கிக்கும் உரிமையாளருக்கும் நன்மை பயக்கும்.

இவற்றையும் பார்க்க

- சுழல் கைத்துப்பாக்கி
- கைத்துப்பாக்கி
- தோட்டா
- கரும்வெடிமருந்து
- சாமுவேல் கோல்ட்